பத்து ரோடு எங்கே இருக்கு?

ஒரு வாசகர் கேட்டது:
கல்யாணமாகி ஜொகூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று மாமியார் போன் செய்து, "பத்து ரோட்டுல ஓடியன் எதிர்ல நிக்கிறேன், வந்து ஏத்திக்கோ"ன்னு சொன்னாங்க. வழி காட்டுற வேஸ் ஆப்ல பத்து ரோடுன்னு போட்டா பத்துமலைப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுது. ஓடியன்னு ஒண்ணும் கிடைக்கல. நாற்பது நிமிஷம் சுத்தினேன். காடியில ஏறின மாமியார் வீடு வர வரைக்கும் வாய் திறக்கல. உண்மையிலேயே அப்படி ஒரு ரோடு இருக்கா? பத்தாம் நம்பர் ரோடா?

மார்ச் 4, இரவு 10.40

இருக்கு. பலகையில்தான் இல்லை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானுக்குத்தான் பழைய ஆட்கள் பத்து ரோடு என்பார்கள். நம் முதல் பிரதமர் பெயரை வைத்து ரொம்ப வருஷமாயிற்று, ஆனால் உங்கள் மாமியார் வயதுக்காரர்கள் வாயில் அது ஏறவில்லை. ஓடியன் ஒரு சினிமாக் கொட்டகை, டாங் வாங்கி முனையில். கொட்டகை போய்விட்டது. சோகோ கடைத்தொகுதியைக் குறி வைத்துப் போயிருந்தால் மாமியார் கண்ணில் பட்டிருப்பார்.

நான் சொல்வதை நம்பலாம். 1981-இலிருந்து பஸ் மினியில் கண்டக்டர், பிறகு டிரைவர். 1998-இல் அந்த பஸ்களை நிறுத்தும் வரை ஓட்டினேன். ரோஸ் நிற பஸ், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே காசு, கடைசியில் அறுபது காசு. வாசலில் தொங்கிக்கொண்டு "மாசோக் மாசோக், பெலாக்காங் கோசோங்" என்று கத்திக் கத்திப் போன தொண்டை இன்னும் சரியாகவில்லை. பின்னால் காலி என்று அர்த்தம். எந்த நாளும் காலியாக இருந்ததில்லை.

மார்ச் 4, இரவு 11.15

ஒன்றை விட்டுவிட்டேன். பத்தாம் நம்பர் ரோடு இல்லை. மலாயில் பத்து என்றால் கல். பத்து கிராமத்துக்குப் போகிற பாதை என்பதால் அந்தப் பெயர். பத்துமலையும் அதே கல்தான். சின்ன வயதில் தைப்பூசத்துக்குப் போகும்போது பத்து மலை எங்கே எங்கே என்று எண்ணுவேன். மூன்றுக்கு மேல் தேறாது. மீதி பின்னால் மறைந்திருக்கிறது என்று அம்மா சொல்லிவிடுவார்.

மார்ச் 5, காலை 6.50

பசியாற உட்காரும் முன் இதை முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் இட்லி இறங்காது. ராத்திரி மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள், பிடித்தது சரிதான். அந்த ரோடு முதல் பிரதமர் பெயரில் இல்லை. அவர் துங்கு அப்துல் ரஹ்மான். ரோட்டுக்காரர் துவாங்கு அப்துல் ரஹ்மான், முதல் பேரரசர், நெகிரி செம்பிலான்காரர், 1960-இல் காலமானவர். நம் ரிங்கிட் நோட்டில் இருக்கும் முகம் அவருடையதுதான்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், கண்டக்டர் வேலையில் ஒரு வெள்ளி நோட்டை, அதாவது ஒரு ரிங்கிட்டை, நீளவாக்கில் மடித்து இடக்கை விரலிடுக்கில் செருகி வைப்போம். பத்து காசு, இருபது காசு, ஐம்பது காசு தனித்தனியாக அடுக்கி உள்ளங்கையில். அந்த மனிதர் முகத்தை நாள் முழுக்க மடித்து மடித்து விரலில் வைத்துக்கொண்டு, அவர் பெயர் போட்ட ரோட்டில் ஒரு நாளைக்கு எட்டு தடவை போய் வந்திருக்கிறேன். யார் என்று தெரியவில்லை.

மார்ச் 5, மதியம் 2.05

பத்துமலைக்கு வருகிறேன். "முருகனுக்கு இந்தியாவில் ஆறு, மலேசியாவில் நாலு, இது பத்தாவது, அதனால்தான் பத்துமலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் தெரு பூசாரியும் இதையேதான் சொல்வார். ஆனால் அடிவாரத்துப் பக்கம் ஓடுகிற ஆற்றுக்குப் பெயர் சுங்கை பத்து. ஆற்றையும் பத்தாவது ஆறு என்பீர்களா? தம்புசாமிப் பிள்ளை குகையில் கோயில் அமைத்தது 1890-ஐ ஒட்டி, தைப்பூசம் 1892-இலிருந்து. மலாய்ப் பெயர் அதற்கு முன்னாலேயே இருந்தது. நாம் வந்தோம், பத்து என்று காதில் விழுந்தது, நம் பத்தாக்கிக்கொண்டோம். அதில் தப்பும் இல்லை. வந்த ஊரில் ஒரு சொல்லாவது நம்முடையது மாதிரி ஒலித்தால் விடுவோமா?

மார்ச் 5, இரவு 9.30

ஒரு சின்ன விளையாட்டு. இஸ்தானா புடாயா, தேசிய நூலகம், இருதய ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிறதே, அந்தப் பெரிய ரோட்டை உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

சர்க்குலர் ரோடு என்றால் எழுபதைத் தாண்டியவர். ஜாலான் பெக்கெலிலிங் என்றால் ஐம்பதுக்கு மேல். ஜாலான் துன் ரசாக் என்றால் மீதிப் பேர். துன் ரசாக் இறந்தது 1976-இல், அதற்குப் பிறகு வந்த பெயர் அது. வெள்ளைக்காரன் வைத்த பெயருக்கும் மலாய்ப் பெயருக்கும் பொருள் ஒன்றேதான், ஊரைச் சுற்றி வருகிற ரோடு. அடையாளக் கார்டு வேண்டாம், இந்த ஒரு கேள்வி போதும்.

நான் பெக்கெலிலிங். என் பேத்தி, "வேஸ் என்ன சொல்லுதோ அதுதான் தாத்தா" என்கிறாள். அது தனி வயது.

மார்ச் 6, காலை 7.20

செந்தூலிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார், தனக்கு நாற்பத்தொன்றுதான், ஆனால் சர்க்குலர் ரோடு என்கிறாராம், ஆயா வளர்த்த பிள்ளை. சரி அக்கா. விளையாட்டில் ஓட்டை இருக்கிறது. நம் வயதைக் காட்டாது, நமக்கு வழி சொல்லிக்கொடுத்தவர் வயதைக் காட்டும்.

மார்ச் 7, இரவு 11.50

ஜாலான் ஈப்போவில் ஒரு பகுதியை 2014-இல் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆக்கினார்களே, அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஈப்போவுக்குப் போகிற ரோடு ஈப்போ ரோடு, இதில் என்ன குறை கண்டார்கள் என்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒரு வாரம் பேசினேன். இன்றைக்கு இங்கே அதைப் பற்றி நீளமாக எழுதினேன். எழுதியதை அழித்துவிட்டேன். காரணம் என் அப்பா.

அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். மஸ்ஜித் ஜாமெக் பக்கத்து ரோட்டை ஜாவா ஸ்திரீட் என்பார். நான் மவுண்ட்பேட்டன் ரோடு என்றால், "அது யாருடா மவுண்ட்பேட்டன், போர் முடிஞ்சு நேத்து வந்தவன்" என்பார். அந்த ரோடு இப்போது ஜாலான் துன் பேராக். நான் என் பிள்ளைகளிடம், "அந்தக் காலத்து மவுண்ட்பேட்டன் ரோடு" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். நான் பழசு என்று காப்பாற்றி வைத்திருப்பது அவருக்குப் புதுப் பெயர். ஜாவா ஸ்திரீட்டுக்கு முன்னால் அந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அப்பாவும் நேற்று வந்தவர்தான்.

மாரியம்மன் கோயில் ரோடும் அப்படித்தான். ஹை ஸ்திரீட், பிறகு ஜாலான் பண்டார், இப்போது முதல் நிதியமைச்சர் பெயரில் ஜாலான் துன் எச்.எஸ். லீ. எங்கள் பஸ்ஸில் இந்த மூன்றையும் ஒரு தமிழ்க் கிழவியும் சொன்னதில்லை. "கோயில்ல எறக்கி விடு". 1885-இலிருந்து கோயில் அங்கேயே இருக்கிறது, அப்புறம் ரோட்டுக்கு எதற்குப் பெயர்? லெபோ அம்பாங்கையும் அப்பா செட்டியார் கடைத் தெரு என்பதோடு சரி.

மார்ச் 8, காலை 8.10

பெயர் மாற்றம் எல்லாமே வீண் என்று நான் சொல்ல வருவதாக நினைக்காதீர்கள். பர்ச் ரோடு என்று ஒன்று இருந்தது. ஜே.டபிள்யு.டபிள்யு. பர்ச், பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட், 1875-இல் பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரைக் குளியலறையில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காக மகாராஜாலேலாவைத் தூக்கில் போட்டான் வெள்ளைக்காரன். சுதந்திரம் வந்த பிறகு பர்ச் ரோடு ஜாலான் மகாராஜாலேலா ஆயிற்று. செத்தவன் பலகையைக் கழற்றிக் கொன்றவன் பலகையை மாட்டினார்கள். இப்படி ஒரு பதிலடியை யோசித்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுக்கலாம்.

மார்ச் 8, இரவு 10.25

கட்டையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். வேண்டுமென்றேதான் எழுதாமல் இருந்தேன். சரி.

வெளியூர்க்காரர்களுக்காக: நம் ஊரில் மைலுக்குக் கட்டை என்று பெயர். மைல்கல்லை வைத்து இடத்தைச் சொல்வது. மூணாங்கட்டை, அஞ்சாங்கட்டை, ஒம்பதாங்கட்டை. மலாய்க்காரர் பத்து தீகா, பத்து லீமா என்பார். மறுபடியும் அதே கல். மைல் போய் கிலோமீட்டர் வந்தும் கட்டை அசையவில்லை. 2017-இல் திறந்த எம்ஆர்டி நிலையத்துக்கே பத்து செபெலாஸ் செராஸ் என்றுதானே பெயர் வைத்தார்கள், பதினொன்றாங்கட்டை. அந்த ரயிலில் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மைல் என்றால் என்னவென்று தெரியும்?

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டை ஊர் நடுவிலிருந்து ஒவ்வொரு ரோட்டுக்கும் தனித்தனியாக எண்ணப்படும். கோம்பாக் ரோட்டுக்கு ஒரு ஆறாங்கட்டை, செராஸுக்கு ஒன்று, பழைய கிள்ளான் ரோட்டுக்கு ஒன்று. அந்தந்த ரோட்டில் குடியிருப்பவனுக்கு அவன் கட்டைதான் உலகத்தில் ஒரே கட்டை.

1983. என் பெரியப்பா கோம்பாக் ஆறாங்கட்டையில் இருந்தார். வேடிக்கையான மனுஷன். "இந்தக் கட்டை ஆறாங்கட்டையிலதான்டா வேகும்" என்பார், சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். ஒரு நாள் விடியற்காலை போய்விட்டார். தெலுக் இந்தானில் இருந்த சித்தப்பா குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் வீட்டில் போன் இல்லை. தந்தி கொடுக்கிற வேலை என்னிடம் வந்தது. தந்திக்குச் சொல் கணக்கில் காசு. நான் கண்டக்டர், காசில் கணக்கு. கவுண்டரில் நின்று எழுதினேன், எண்ணினேன், ரெண்டு சொல்லை அடித்தேன். பெரியப்பா காலமானார், ஆறாங்கட்டை, உடனே வரவும். அடித்த ரெண்டு சொல் கோம்பாக், ரோடு. அண்ணன் வீடு தம்பிக்குத் தெரியாதா என்று நினைத்தேன். பெரியப்பா அங்கே வீடு மாறி மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பது அந்த நேரம் மண்டையில் உதிக்கவே இல்லை.

அவர்கள் வாடகை டாக்சி பிடித்து வந்தார்கள். வந்து இறங்கியது செராஸ் ஆறாங்கட்டை. சாவு வீடு எது, சாவு வீடு எது என்று கேட்டுக்கொண்டு வெயிலில் இரண்டு மணி நேரம். அங்கேயும் ஒரு வீட்டில் பந்தல் போட்டிருந்தார்களாம், ஓடிப் போய்ப் பார்த்தால் பூப்பெய்திய பிள்ளைக்குச் சடங்கு. சித்தி அழுத கண்ணோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்து அந்த வீட்டுக்காரர்கள் பயந்துபோனார்களாம். கடைசியில் யாரோ கோம்பாக்கைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி, இங்கே வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னைத் திட்டவில்லை. தந்தியை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார், அவ்வளவுதான். அடித்த ரெண்டு சொல்லுக்கு என்ன காசு மிச்சமாயிற்று என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மார்ச் 8, இரவு 11.40

சித்தப்பா மகன் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். செராஸ் இல்லையாம். பழைய கிள்ளான் ரோடு ஆறாங்கட்டையாம். சித்தப்பா கல்யாணத்துக்கு முன் அந்தப் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் வேலை செய்திருக்கிறார், அவருக்குத் தெரிந்த ஆறாங்கட்டை அது ஒன்றுதான், டாக்சிக்காரர் எந்த ரோடு என்று கேட்டதற்கே கோபப்பட்டாராம். நாற்பது வருஷமாக நான் செராஸ் என்று சொல்லி வந்திருக்கிறேன். சடங்கு வீடு மட்டும் உண்மையாம். அங்கே சித்திக்கு மோர் கொடுத்தார்களாம்.

இன்னொன்றும் சொன்னான். அவர்கள் வீட்டில் இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தால் முதல் கேள்வி, "எந்தக் கட்டை?" என் காதுபடத்தான் சொல்வார்கள்.

மார்ச் 11, மாலை 5.15

இரண்டு நாள் எழுதவில்லை, மனசு சரியில்லை. இப்போது பரவாயில்லை. பெட்டாலிங் ஜெயா ஆட்கள் தங்களை விட்டுவிட்டேன் என்கிறார்கள். உங்கள் ஊரில் எல்லாம் நம்பர் ரோடு, உங்களுக்கு என்ன குழப்பம் என்று கேட்கப் போனேன். அப்புறம் ஸ்டேட் ஞாபகம் வந்தது.

நியூ டவுன் என்கிற அந்த இடத்தைப் பழைய ஆட்கள் ஸ்டேட் என்பார்கள். எந்த மாநிலமும் இல்லை, அங்கே இருந்த சினிமாக் கொட்டகை. அதைவிட ரோத்மன்ஸ் ரவுண்டபோட். சிகரெட் கம்பெனி போய்விட்டது, ரவுண்டபோட்டையும் எடுத்துவிட்டு விளக்கு வைத்துவிட்டார்கள். ரோத்மன்ஸும் இல்லை, ரவுண்டும் இல்லை. "ரோத்மன்ஸ் ரவுண்டபோட்ல ஜேம்" என்று மட்டும் சாயங்காலம் போன் வரும்.

அம்பாங் பார்க்கும் அந்தக் கதிதான். 1973-இல் திறந்த கடைத்தொகுதி, எம்ஆர்டிக்காக இடித்தாயிற்று, பெயர் இப்போது ரயில் நிலையத்தில் இருக்கிறது. அம்பாங் ஊருக்குப் போக வேண்டியவர்கள் அங்கே இறங்கி விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊர் இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி. பிரிக்பீல்ட்ஸ் ஹண்ட்ரட் குவாட்டர்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாலான் ரொசாரியோவில் ஒரு வீடு மிச்சமில்லை, "ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் தாண்டி இடது பக்கம்" என்று போன மாதம்கூட ஒருவர் எனக்கு வழி சொன்னார். நானும் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

மார்ச் 12, இரவு 9.00

சுருக்கமாக: செந்தூல், சென்ட்ரல் மார்க்கெட், கேஎல் சென்ட்ரல், புடு சென்ட்ரல். இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளியிடம் "சென்ட்ரல்ல எறங்குங்க" என்று சொல்லாதீர்கள். என் மருமகன் தம்பி செந்தூலில் பெட்டியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். புடு ராயா என்று இருந்ததைப் புடு சென்ட்ரல் ஆக்கினார்களே, அது யாருக்கு உதவியது? பஸ்ஸில் ஊருக்குப் போன எவனும் புடு ராயா தவிர வேறு சொல்லிக் கேட்டதில்லை.

மார்ச் 19, மதியம் 1.30

இன்று காலை இருதய ஆஸ்பத்திரிக்குச் செக்கப். மகன் வேலைக்குப் போய்விட்டான், டாக்சி நிறுத்தினேன். கிளந்தான் பையன், இருபத்தைந்து இருக்கும். ஏறியதும் பழக்க தோஷத்தில் "பெக்கெலிலிங்" என்றேன். தலையாட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண் திறந்தால் பெக்கெலிலிங் பஸ் நிலையம், தித்திவங்சாவில். பஹாங் பஸ்ஸெல்லாம் நிற்கிறது. "பக்சிக், எந்த ஊர் பஸ்?" என்று கேட்டுக்கொண்டே பெட்டி எடுத்துக் கொடுக்கப் பின்பக்கம் திறக்கிறான். என்னிடம் இருந்தது மருந்துப் பை ஒன்று.

அவன் மேல் தப்பே இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே பெக்கெலிலிங் அதுதான்.

திரும்ப ஏற வெட்கமாக இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது என் நம்பரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். பிரஷர் பார்த்த மிஸ்ஸி, ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டார். சர்க்குலர் ரோடு என்று சொல்லியிருந்தால் அவன் எங்கே போவதென்றாவது கேட்டிருப்பான்.

மார்ச் 19, இரவு 8.45

கேள்வி கேட்ட ஜொகூர்க்காரருக்கு: உங்கள் செய்தியைப் பார்த்தேன். மாமியாரிடம் துவாங்கு, துங்கு வித்தியாசத்தைச் சொல்லப் போய், "அந்த கண்டக்டர் எந்த லைன்ல ஓடினாரு, அறுபது காசுக்கு மீதி கொடுக்காத ஆளா?" என்று கேட்டார்களாமே. சௌக்கிட் லைன் என்று சொல்லுங்கள். மீதி கொடுத்துவிடுவேன். சில்லறை இருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஆறாங்கட்டைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளம்புவதற்கு முன் எந்த ரோடு என்று கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.